அறுபதுக்கு மேல் கேட்காது

மார்ச் 3, திங்கள்

இன்றும் காதுக்குள் மாவு மில். வண்டி அறுபதைத் தாண்டினால் போதும், ஹெல்மெட்டுக்குள் யாரோ குடியேறி இரைந்துகொண்டே வருகிறான். வாடகையும் தருவதில்லை, காலியும் செய்வதில்லை. இறங்கி வெகுநேரம் ஆன பிறகும் 'கீ...' என்று ஒரு சத்தம். சாப்பிடும்போது மகள் ஏதோ கேட்டாள். "ஆமாம்மா, ஆமா" என்று தலையாட்டினேன். அவள் கேட்டது தண்ணீர் ஜக்கை. வீடே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்தால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள் அல்லவா?

மார்ச் 5, புதன்

சூப்பர்வைசர் என்னையும் குச்சியையும் கூப்பிட்டு விஷயத்தை உடைத்தார். ஊர் ஊராகக் கிளினிக்குகளில் ரத்த மாதிரிப் பெட்டிகளை வாங்கிவந்து பரிசோதனைக் கூடத்தில் சேர்க்கும் நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு இதுவரை நாங்கள் இருவர், ஆளுக்கொரு வண்டி. அடுத்த மாதம் முதல் வேன் வருகிறதாம். வேன் போக முடியாத ஊர்களுக்கு ஒரே ஒரு வண்டி போதுமாம். மற்றவனுக்கு, பெட்டி பிரிக்கும் அறையில் இரவு ஷிப்ட். யார் எங்கே என்று மாதக் கடைசிக்குள் சொல்வாராம்.

என் மனைவி இவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் எப்போதும் இரவு வேலை. நானும் இரவுக்குப் போனால் மகள் வீட்டில் தனியாக. பதினைந்து வயதுப் பெண்.

குச்சி தோளில் தட்டினான். "யாருக்குக் கிடைச்சா என்ன மாப்ளே, நம்ம ரெண்டு பேருக்குள்ளதான?" அவன் ஒட்டடைக்குச்சி. நெட்டையாய், ஒல்லியாய், தலையில் கொஞ்சம் முடி. நான் வைத்த பேர்தான், இப்போது அவன் மனைவியே அப்படித்தான் கூப்பிடுகிறாள். இத்தனை வருஷமாக ஹெல்மெட்டில் மாட்டிய இண்டர்காமில் அவன் பேச நான் கேட்க, நான் பேச அவன் கேட்க, அப்படியே தேய்ந்த ரோடு இது.

மனது தாங்காமல் சொல்லிவிட்டேன். "காது போயிட்டு இருக்கோ என்னவோடா. அறுபதுக்கு மேல போனா நீ பேசறது ஒண்ணுமே கேக்கல. வீட்டுல கூட சொல்லல."

"என்கிட்ட சொல்லிட்டல்ல, விடு. வாய்க்குப் பூட்டு போட்டுட்டேன்" என்றான். பாரம் இறங்கியது.

மார்ச் 8, சனி

ஹெல்மெட் கடை. முதலில் ஹெல்மெட் மேல் பழியைப் போட்டுப் பார்ப்போம், காதைப் பிறகு பார்க்கலாம் என்று ஒரு கணக்கு.

"சத்தம் தாங்கலண்ணே" என்றேன்.

"வீட்டுலயா, ரோட்டுலயா?" என்றார் கடைக்காரர். "வீட்டுக்கு என்கிட்ட சரக்கு இல்ல."

ஹெல்மெட்டில் முகத்தை மூடும் கறுப்பு வைசர் ஒன்றை மாட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். நகைக்கடையில் திருட வந்துவிட்டு வழி கேட்பவன் மாதிரி இருந்தேன். "வெயில்ல நீங்க ராஜா. பொழுது சாஞ்சா குருடு" என்றார். மஞ்சளைப் போட்டால் உலகத்துக்கே காமாலை. கடைசியில் தெளிவானதையே எடுத்தேன். என் பழையதைத் தூக்கிப் பார்த்து, "இது வைசரா, பாத்திரம் தேய்ச்ச தட்டா?" என்று கேட்டார்.

ஆனால் நல்ல விஷயம் ஒன்று சொன்னார். சத்தம் கண்ணாடியின் தடிமனில் இல்லையாம், அது மூடுகிற இடத்தில் இருக்கிறதாம். ரப்பர் விளிம்பு இறுகிப்போய்ச் சந்து விட்டால் காற்று அங்கே புகுந்து விசிலடிக்கும். மிச்சம் கழுத்து வழியாக வரும். புது வைசர், புது ரப்பர், தாடைக்குக் கீழே மாட்டும் துணித் தடுப்பு மூன்றும் வாங்கினேன். காதில் வைக்கும் நுரைத் தக்கையும் காட்டினார். வேண்டாம் என்றேன். இருக்கிற காதையும் அடைத்துக்கொண்டு என்ன செய்ய?

மார்ச் 9, ஞாயிறு

மகள்தான் தலைமை மருத்துவர். நான் ஸ்க்ரூ பிடிக்கும் நர்ஸ்.

காகிதத்தை நீளமாகக் கிழித்து, விளிம்பில் வைத்து, வைசரை மூடி இழுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார் கடைக்காரர். வலது பக்கம் காகிதம் கிழிந்தது, அசையவில்லை. இடது பக்கம் வெண்ணெயில் கத்தி மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. "இதோ, உங்க வில்லன்!" என்றாள். புது ரப்பர் போட்டும் அப்படியேதான். வைசரைத் தாங்கும் இடது பக்கத் தகடே ஒரு நூல் முன்னால் நின்றிருக்கிறது. ஸ்க்ரூவைத் தளர்த்தி, பின்னால் தள்ளி, இறுக்கினோம். காகிதம் பிடித்துக்கொண்டது.

வண்டியின் முன் கண்ணாடியைத் தாண்டி வரும் காற்று நேராக என் நெற்றியில்தான் மோதுகிறது என்பதையும் அவள்தான் கண்டுபிடித்தாள். நான் இருக்கையில் உட்கார, அவள் முன்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். கண்ணாடியை ஒரு துளை கீழே இறக்கினோம்.

"அப்பா, நீங்க ஸ்கூல்ல சயின்ஸ் பாஸா?"

"பாஸ்தான்."

"எத்தனாவது தடவ?"

தலைமை மருத்துவரிடம் நோயாளி எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை.

மார்ச் 10, திங்கள்

மழை. வண்டி நாற்பதைத் தாண்டவில்லை. மூச்சு ஆவி படிந்து வைசர் வெள்ளையாகிவிட்டது. சத்தம் போச்சு, ரோடும் போச்சு.

மார்ச் 11, செவ்வாய்

இன்றும் மழையில் மெதுவான ஓட்டம்தான். ஆவி பிடிக்காமலிருக்க உள்ளே ஒட்டும் மெல்லிய கண்ணாடி வாங்கி ஒட்டியாயிற்று. குச்சியிடம் ஒன்றும் சொல்லவில்லை. நாளை அசத்த வேண்டும். அறுபதுக்கு மேல் எனக்குக் கேட்காது என்ற தைரியத்தில் பாட்டு வேறு பாடுகிறானாம், அவனே சொல்லியிருக்கிறான். பாதிப் பாட்டில், "சுருதி எங்கடா?" என்று கேட்டால் வண்டியோடு விழுவான்.

மார்ச் 12, புதன்

கேட்டது.

எல்லாமே கேட்டது.

நிதானமாக எழுதுகிறேன். எழுதினால்தான் அடங்கும்.

இரண்டாவது கிளினிக்கைத் தாண்டிப் பாலத்தில் ஏறினோம். நான் முன்னால், அவன் பின்னால். எழுபது. ஹெல்மெட்டுக்குள் அப்படி ஓர் அமைதி. காற்று எங்கேயோ பக்கத்து வீட்டில் அடிக்கிற மாதிரி. அவன் இருமியது, எச்சில் விழுங்கியது வரை தெளிவு. காது நன்றாகத்தான் இருக்கிறது! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சத்தியமாக. பாட்டு வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

பாட்டு வரவில்லை. அவனுக்குப் போன் வந்தது. போன் வந்தால் எங்கள் இணைப்பைத் துண்டிக்க ஒரு பொத்தான் உண்டு. எனக்குக் கேட்காது என்று தெரிந்த பிறகு அதை அவன் அழுத்துவதே இல்லைபோல.

"சொல்லுங்க சார்... நீங்க கேட்டதால சொல்றேன், எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு. அவருக்கு காது போயிடுச்சு சார். பின்னால லாரி ஹாரன் அடிச்சாலும் திரும்பறதில்ல. நான் கூடவே கத்திக்கிட்டுப் போறதாலதான் வண்டி ஓடுது. தனியா விட்டா ஒரு நாள் பெட்டியோட போயிடுவாரு... வீட்டுக்கே தெரியாது சார். என்கிட்ட மட்டும்தான் அழுதாரு... ஐயையோ, முன்னாடிதான் போயிட்டு இருக்காரு. கேக்காது சார், பயப்படாதீங்க."

பிறகு சிரித்தான். சின்னச் சிரிப்புதான்.

லாரி ஹாரனா? எந்த லாரிடா? எப்போ? நான் எப்போடா அழுதேன்?

ஓரங்கட்டவில்லை. ஏன் ஓரங்கட்டவில்லை? தெரியவில்லை. எழுபதிலேயே போய்க்கொண்டிருந்தேன். டீக்கடையில் நிறுத்தியதும் என் முகத்துக்கு நேரே வந்து, கையால் டம்ளர் மாதிரி காட்டி, "டீ...யா?" என்று கத்தினான். எவ்வளவு அக்கறை! தலையாட்டினேன். வாங்கிக் கொடுத்தான். குடித்தேன். அதையும் குடித்தேனே, நான் என்ன ஆள்?

மார்ச் 13, வியாழன்

இன்று பாடினான். இவனுக்குப் பாடவே வராது.

மார்ச் 14, வெள்ளி

இவள் வேலைக்குக் கிளம்பும் முன் எல்லாவற்றையும் சொன்னேன். அவனைத் திட்டுவாள், கூடச் சேர்ந்து நானும் நாலு வார்த்தை திட்டலாம் என்று நினைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"காது கேக்கலன்னு நெனச்சு இத்தன நாளு பயந்துகிட்டு இருந்தீங்களா?"

"ஆமா."

"அத அவன்கிட்ட சொன்னீங்க. என்கிட்ட சொல்லல."

"நீ கவலப்படுவியேன்னு..."

"நான் கவலப்படாம வேற யாரு படுவா? அவனா? பட்டான் பாருங்க, நல்லா!"

கதவு சாத்தப்பட்டது. அதுவும் நன்றாகவே கேட்டது. அவன் எனக்குச் செய்ததை அளந்துகொண்டிருக்கிறேன். நான் இவளுக்குச் செய்ததற்கு என்ன பேர்?

மார்ச் 17, திங்கள்

சூப்பர்வைசர் தனியாகக் கூப்பிட்டார். பக்கத்தில் வந்து சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாக, "காது... ஒரு தடவ... காட்டிடலாமா?" என்றார்.

"ஏன் சார் கத்தறீங்க?" என்றேன்.

குரல் இறங்கியது. நாளைக்கே பரிசோதனை என்றார். வெளியே வந்தால் குச்சி. "என்ன சொன்னாரு?" என்று கேட்டான், முகத்தைப் பச்சைக் குழந்தைபோல வைத்துக்கொண்டு. "சும்மா" என்றேன். அவனிடம் நான் சொன்ன முதல் 'சும்மா' இதுதான்.

மார்ச் 18, செவ்வாய்

கண்ணாடி அறையில் உட்கார வைத்துச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இவளும் தூக்கத்தை விட்டுவிட்டுக் கூடவே வந்து வெளியே உட்கார்ந்திருந்தாள். நான் கூப்பிடவில்லை. மிக மெல்லிய சத்தங்கள் மட்டும் கொஞ்சம் மந்தமாம். காற்று இரைச்சலில் அலைந்ததால் வந்தது, இனி காதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், வண்டி ஓட்டத் தடையில்லை என்றார் டாக்டர். நுரைத் தக்கை வைத்துக்கொள்ளச் சொன்னார். அதே தக்கை.

வரும் வழியில் இவள் பின்னால் உட்கார்ந்து, "கேக்குதா?" என்றாள். "கேக்குது" என்றேன். "கேக்கறவர் இனிமே சொல்லவும் செய்யணும்" என்றாள். சரி என்றேன்.

மார்ச் 20, வியாழன்

நெடுஞ்சாலை எனக்கு. அவனுக்கு இரவு அறை. எல்லார் எதிரிலும் என்னைக் கட்டிப்பிடித்தான். "எனக்குத் தெரியும் மாப்ளே, உன் காதுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு!"

வண்டி நிறுத்துமிடத்தில் யாருமில்லாதபோது சொன்னேன். "அன்னிக்குப் பாலத்து மேல நீ போன்ல பேசினது எனக்கு முழுசா கேட்டுச்சுடா. வைசர மாத்திட்டேன்."

அவன் முகத்தைப் பார்த்திருக்கக் கூடாது. முதலில் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. பிறகு கோபம் வந்தது. எனக்கு வர வேண்டியது அவனுக்கு வந்தது.

"எனக்கும் வீடு இருக்குல்ல? அப்பா படுக்கையில கெடக்காரு. ராத்திரி நானும் இல்லன்னா எம் பொண்டாட்டி ஒருத்தியா அவர எப்படிப் பொரட்டிப் போடுவா?"

"என்கிட்ட கேட்டிருக்கலாமேடா."

"கேட்டா குடுத்திருப்பியா?"

கொடுத்திருப்பேனா? இப்போதும் தெரியவில்லை. ஒருவேளை கொடுத்திருக்க மாட்டேன். வாரத்துக்கு ஒருவராக மாற்றி ஓட்டலாமா என்று இரண்டு பேரும் போய்க் கேட்டிருப்போம். கேட்டிருக்கலாம். ஆனால் ஒன்று, அவன் அப்பா படுக்கையில் இருக்கிறார் என்று எந்த சூப்பர்வைசரிடமும் போய் நான் சொல்லியிருக்க மாட்டேன். அதுவும், சிரித்துக்கொண்டே.

மார்ச் 31, திங்கள்

கடைசி ஜோடி ஓட்டம். இரண்டு பேரும் இண்டர்காமை இணைக்கவில்லை. யார் முதலில் மறந்தது என்று தெரியாத மாதிரி இருந்துவிட்டோம்.

ஏப்ரல் 4, வெள்ளி

தனியாக ஓட்டுவதில் ஒரு வசதி, நினைத்த இடத்தில் நிறுத்தலாம். நிறுத்த நினைக்கவே இல்லை என்பது வேறு விஷயம். வீட்டில் மகளுக்கு என் பேச்சு அதிகமாகிவிட்டதாம். "அப்பா, எனக்குப் பரீட்சை" என்று கையெடுத்துக் கும்பிடுகிறாள்.

சாயங்காலம் பெட்டியை அறையின் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். சீக்கிரமே ஷிப்டுக்கு வந்துவிட்டான்போல, குச்சிதான் வாங்கினான். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. "அப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. நான் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, வைசரும் மூடியே இருந்தது. பெட்டியின் பிடியை விடாமல், குனிந்தபடி, மெதுவாகச் சொன்னான்.

"தப்புதான் மாப்ளே."

நன்றாகவே கேட்டது.

"என்னது?" என்றேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "ஒண்ணுமில்ல. பெட்டி நல்லா சில்லுன்னு இருக்குன்னு சொன்னேன்."

"ஆமா, ஐஸ் புதுசு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.