உரிமைக்காரன் சொன்ன பதில்

என் அன்பு அக்காவுக்கு,

நீ போன பிறகு வரும் இரண்டாவது மழைக்காலம் இது. முத்தியால்பேட்டையில் அதே வாடகை வீடுதான். ஒண்டிக்கட்டையாக நானே பொங்கித் தின்கிறேன். உன் கைப்பக்குவ மீன்குழம்பு மட்டும் எனக்கு வரவே மாட்டேனென்கிறது. சிரிக்காதே.

உன் மகள் செல்விக்குப் புதுச்சேரியில் நர்சிங் படிக்க இடம் கிடைத்துவிட்டது. அதற்குள் ஊரில் ஒரு பஞ்சாயத்தே நடந்து முடிந்துவிட்டது.

அவளைத் தொட்டிலில் போட்டபோது, "இவ உனக்குத்தான்டா" என்று என்னைக் கேலி செய்தாயே, அதை யாரும் மறக்கவில்லை. தாயில்லாத பெண்ணை வெளியே படிக்க அனுப்புமுன் முறைமாமன் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டுமாம். "கட்டுற உரிமை உனக்குத்தான். நீ வேணாம்னு எல்லார் முன்னாடியும் சொன்னாத்தான் வெளியில மாப்பிள்ளையே பாக்க முடியும்" என்றார் பெரியப்பா. உன் வீட்டுக்காரர் தலை நிமிரவில்லை. பாவம், நீ இல்லாத வீட்டில் வயசுப் பெண்ணை வைத்திருக்கும் பயம் அவருக்கு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் தூக்கி வளர்த்த பிள்ளை, அக்கா. எழுந்து நின்று, "உரிமை எனக்குன்னா சொல்றேன், விட்டுக்கொடுத்துட்டேன். அவ படிக்கட்டும்" என்றேன். மீசையை முறுக்காத குறைதான்.

பஸ் ஏற்றிவிட வந்த செல்வி முகத்தை உர்ரென்று வைத்திருந்தாள். "நல்லதுதானே செஞ்சேன்?" என்று கேட்டேன்.

"நல்லதுதான் மாமா. ஆனா கட்டிக்கிறதும் உன் உரிமை, விட்டுக்கொடுக்கிறதும் உன் உரிமை. நானும் அங்கதான் நின்னுட்டு இருந்தேன். ஒருத்தராவது என்னைக் கேட்டீங்களா?"

உன் கல்யாணத்தின்போது உன்னை யாராவது கேட்டார்களா, அக்கா? இதுவரை எனக்கு அது தோன்றியதே இல்லை.

"சரி, இப்ப கேக்கறேன். உனக்கு என்ன வேணும்?"

"படிக்கணும். அப்புறம் யாரைக் கட்டிக்கணும்னு நானே சொல்லுவேன். அது ஊரு ஒத்துக்காத ஆளா இருந்தா, நீ என்ன செய்வே?"

பஸ் வந்துவிட்டது. பதில் சொல்லாமல் ஏறிவிட்டேன். அது மனசை அறுத்துக்கொண்டே இருந்தது. இன்று காலை போன் போட்டு அவளிடம் சொன்னேன், உன்னிடமும் சொல்கிறேன்: அவள் யாரைக் காட்டினாலும் சரி, ஊரில் ஒருவர்கூட வராவிட்டாலும் சரி, மணவறையில் தாய்மாமன் மாலையோடு நான் நிற்பேன்.

உன் தம்பி,
செல்விக்கு மாமன்