விருச்சிகம், விசாகம், நாலாம் பாதம்

எதிரே உட்கார்ந்து, நான் சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிடுகிறவளுக்கு,

இன்று வெள்ளிக்கிழமை. நீ போன பிறகு முதல் தடவையாக அர்ச்சனைத் தட்டோடு முருகன் கோயிலுக்குப் போனேன். விளிம்பில் ஒடுக்கு விழுந்த உன் பித்தளைத் தட்டுதான். ஆண்பிள்ளை தனியாகத் தட்டேந்தி வருகிறான் என்று சிவகாசி நகரமே கடையடைத்துவிட்டு வேடிக்கை பார்த்ததாக எழுத ஆசை. உண்மையில் ஒரு பூக்காரம்மா பார்த்தாள். ஒரு வெள்ளாடும் பார்த்தது. அது வாழைப்பழத்தைப் பார்த்தது.

பூசாரி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தேங்காயை உடைத்தார், சூடம் ஏற்றினார், என் பேரைச் சொன்னார். பிறகு பழகிய வாயோடு, "விருச்சிக ராசி, விசாக நட்சத்திரம்" என்றார்.

கூப்பிய கை அப்படியே நின்றுவிட்டது. ஏனென்றால் பதினான்கு வருஷமாக உனக்கும், உன் அப்பாவுக்கும், ஈரேழு உலகத்துக்கும் நான் துலா ராசி.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை முடிக்கலாம் என்று பெரியவர்கள் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அதில் நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. அதற்கும் காரணம் நீதான். இருக்கன்குடி ஆடித் திருவிழாவில் வளையல்காரனிடம் நீ பேரம் பேசிய பேச்சைக் கேட்டு, அவன் கடையையே உனக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காசிக்குப் போகப் பார்த்தான். கட்டினால் இவளைத்தான் கட்டுவது, இல்லையென்றால் நானும் அவனோடு காசிக்கு என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

மல்லாங்கிணறு ஊரில் பருத்தி போட்டுக்கொண்டிருந்த உன் அப்பாவிடம் என் தாய்மாமா பெண் கேட்கப் போனார். போன சுருக்கில் திரும்பி வந்தார். உன் அப்பா சொன்னதை அப்படியே சொன்னார்:

"பையன் அச்சாபீசுல எளுத்துக் கோக்கான், சரி. எந்த ராசின்னாலும் சரி. தேள் ராசி மட்டும் ஆகாது. மூத்தவளக் கட்டுனவன் விருச்சிகம். பந்தியில ரெண்டாந்தடவ பாயசம் வைக்கலன்னு எந்திரிச்சுப் போனவன், ஒம்போது வருசமா இந்த வாசப்படிய மிதிக்கல. அவுகளுக்கு வாயில தேன், வால்ல வெசம்!"

என் மாமா வாயில் நல்லவேளையாக வெற்றிலை இருந்திருக்கிறது. இல்லாவிட்டால் அங்கேயே உண்மை வெளியே வந்திருக்கும்.

விருச்சிகத்தைப் பற்றி உன் அப்பா சொன்னது பாதிதான். சாத்திரம் சொல்வது இன்னும் பயங்கரம். செவ்வாயின் வீடு. நீர் ராசி, அதிலும் கிணற்று நீர். மேலே அசையாது, ஆழம் தெரியாது. பகையை மறக்காது, நன்றியையும் மறக்காது. ரகசியத்தை உயிரே போனாலும் விடாது. மனசுக்கு அதிபதியான சந்திரன் பன்னிரண்டு வீட்டில் போய் நீசமாகி விழுகிற இடம் அதுதான். அதிலும் அவன் தலைகுப்புற விழுகிற குழி எதுவென்று பார்த்தால், விசாகம் நாலாம் பாதம். அந்தக் குழியில்தான் என் அம்மா என்னைப் பெற்றுப் போட்டாள்.

ஆனால் விசாகத்துக்கு ஒரு வசதி உண்டு. அதன் முதல் மூன்று பாதமும் துலா ராசியில், கடைசிப் பாதம் மட்டும் விருச்சிகத்தில். ஒரு தெருவின் கடைசி வீடு மட்டும் அடுத்த ஊர் எல்லைக்குள் இருக்கிற மாதிரி. நான் பிறந்தது விடியற்காலை, சேவல் கூப்பிடும் நேரம். மதியச் சாப்பாட்டு நேரத்தில், கம்பெனி மேசையில், முத்து முத்தான என் கையெழுத்தில் ஜாதகத்தைப் புதிதாகப் பிரதி எடுத்தேன். பிறந்த நேரத்தை முந்தின நாள் விளக்கு வைக்கிற பொழுதுக்கு இழுத்தேன். நாலாம் பாதம் மூன்றாம் பாதமாயிற்று. பெற்றவளின் பிரசவ வலியை இருபத்தாறு வருஷம் கழித்துப் பத்து மணி நேரம் குறைத்துக் கொடுத்த மகன் மூவுலகிலும் நான் ஒருவன்தான்.

பெண் ரிஷபம், பையன் துலாம். உங்கள் ஊர்ச் சோசியர் மூக்கைச் சுளித்தார். "ஆறுக்கு எட்டு. ஆனா ரெண்டு வீட்டுக்கும் சுக்கிரன்தான் சொந்தக்காரன். அதனால தோசமில்ல" என்று போனால் போகிறதென்று விட்டார். கல்யாணத்தன்று உன் அப்பா ராசிபலன் புத்தகத்தைப் பிரித்துத் துலா ராசியின் குணங்களைப் பந்தலே கேட்க வாசித்தார். "சொல்லை நிறுத்துப் பேசுவான். கோபம் வராது. இரண்டு பக்கமும் கேட்டு நியாயம் சொல்வான். மனைவி சொல்லைத் தட்ட மாட்டான்." நீ தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாய். நல்லவேளை, என் அம்மா அப்போது அடுப்படியில் இருந்தாள். எனக்கு வேர்த்தது. அன்று முதல் அந்தப் பட்டியல்படி நடக்க வேண்டிய ஆள் நான் அல்லவா?

நடந்தேன். ரசத்தில் உப்பில்லாத நாளில் சிரித்தேன். என் வெள்ளை வேட்டியை நீ புதுச் சிவப்புச் சேலையோடு ஊறப்போட்ட நாளில், ரோஜா நிற வேட்டி கட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். உள்ளே தேள் வாலைத் தூக்கும்போதெல்லாம் கொல்லைப்புறம் போய் வேப்ப மரத்தைத் திட்டுவேன். அந்த மரம் வாங்கிய வசவுக்கு வேறு மரமாக இருந்தால் பட்டுப்போய் விறகாகி, விறகு சாம்பலாகி, சாம்பலும் மன்னிப்புக் கேட்டிருக்கும்.

"யாரத் திட்டுறீக?" என்று உள்ளிருந்து கேட்பாய்.

"காக்காயை."

"அது என்ன செஞ்சுச்சு?"

"ரசத்துல உப்புப் போட மறந்துருச்சு."

உன் சிரிப்பு கொல்லை வரைக்கும் வரும். தேள் வாலை இறக்கிவிடும்.

காலையில் தினசரிக் காலண்டரின் தாளைக் கிழிப்பது உன் அதிகாரம். அந்தச் சின்னத் தாளில் பன்னிரண்டு ராசிக்கும் ஆளுக்கொரு சொல் இருக்குமே, அதைக் கோக்கிற திருக்கை இந்தக் கைதான். சோசியர் எழுதி அனுப்புவார். அவர் விட்ட இடங்களை நான் நிரப்புவேன். என்னை யாரும் விருச்சிகம் என்று சந்தேகப்பட்டுவிடக் கூடாதே என்று, விட்ட இடமெல்லாம் விருச்சிகத்துக்கு அலைச்சல், விரயம், வம்பு என்று வாரி வழங்கினேன். நீ துலாத்தின் பலனைச் சத்தமாக வாசிப்பாய். பிறகு ஒரு மூச்சு நேரம் தாளையே பார்ப்பாய். உன் ரிஷபத்தைப் பார்க்கிறாய் என்று நினைத்துக்கொள்வேன். துலாத்துக்கு அடுத்த வரி எது என்று எழுத்துக் கோத்த எனக்கே உறைக்கவில்லை.

ஒருநாள் கேட்டாய்: "அந்த விருச்சிகம் என்ன பாவம் பண்ணுச்சு? வருசம் பூரா அலைச்சல்னா அது எங்கதான் போய் உக்காரும்? ஒருநாளாச்சும் நல்லதாப் போடுங்களேன்."

"சோசியர் போடுறது புள்ள, நம்ம கையில என்ன இருக்கு?" என்றேன்.

"ஆமா, உங்க கையில என்ன இருக்கு!" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாய்.

நமக்குப் பிள்ளை இல்லாமல் வருஷங்கள் போயின. இருக்கன்குடிக்கு எத்தனை நடை நடந்தோம்! நடந்த நடைக்கு ஆத்தாளே பாவப்பட்டு நம் வாசலுக்கு வந்திருக்கலாம். உன் அத்தை ஒரு பொங்கலுக்கு வந்தவள், "ரெண்டு பேரு ஜாதகத்தையும் எடுங்க. சாத்தூர்ல கெட்டிக்கார சோசியர் இருக்காரு. பொறந்த நேரத்த வச்சே புட்டுப்புட்டு வச்சிருவாரு" என்றாள்.

உன் மடி காலியாக இருப்பதற்கு என் ஒரு பொய்தான் காரணமோ என்று அதற்கு முன்பே எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். அதை இன்றுதான் எழுதுகிறேன்.

நீ அலட்டிக்கொள்ளவே இல்லை. "ஜாதகத்தக் கரையான் தின்னுருச்சு அத்தை" என்றாய். "பாத்து என்ன ஆகப்போகுது? எனக்குத்தான் கொடுப்பினை இல்ல. அவுகளச் சொல்லாதீக." பழியை எடுத்து உன் தலையில் வைத்துக்கொண்டு, அவளுக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்தாய். நான் பக்கத்தில் தூண் மாதிரி நின்றேன். தூணாவது கூரையைத் தாங்கும்.

அவள் போனதும் இரும்புப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஜாதகம் இல்லை. பெட்டிக்குள் புகுந்து, உன் பட்டுச் சேலையைத் தொடாமல், கல்யாணப் பத்திரிகையைத் தொடாமல், என் ஜாதகத்தை மட்டும் மண்ணில்லாமல் சுத்தமாகத் தின்றுவிட்டுப் போன அந்த ரசிகக் கரையானை அன்றே நான் சந்தேகித்திருக்க வேண்டும். நானோ தெய்வாதீனம் என்று கும்பிட்டேன்.

இதற்குள் இன்னொரு கூத்து. கம்பெனிக்கு ஒரு பஞ்சாங்க ஆர்டர் வந்தது. கல்யாணப் பொருத்த அட்டவணையை நான்தான் கோத்தேன். பெண் ரிஷபம், ஆண் விருச்சிகம் என்ற கட்டத்துக்கு வந்தபோது கை நின்றது. ஏழாம் ராசி, உத்தமம் என்று இருந்தது. ஜாதகக் கட்டத்தில் நேருக்கு நேர், கண்ணுக்குக் கண். சந்திரன் என் வீட்டில் நீசமானால் உன் வீட்டில் உச்சம். உள்ளதை உள்ளபடி கொடுத்திருந்தால் சோசியர் மூக்கைச் சுளிக்காமல் கைதட்டியிருப்பார். அந்த ஒரு சொல்லை ஈயத்தில் கோத்துவிட்டு அன்று நான் வேறு வேலை பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று வந்தேன். நீ எதிரே உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாய். சொல்லவில்லை.

கடைசியில், விருதுநகர் ஆஸ்பத்திரியில், உன் கை என் கைக்குள் வாழைநார் மாதிரி கிடந்தபோது ஆரம்பித்தேன். "இந்தா, ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கல்யாணத்துக்கு முன்னாடி…"

"தெரியும்" என்றாய். "போய்ச் சாப்பிடுங்க. மொகம் வாடிக் கெடக்கு."

பேச விடாமல் தடுக்கிறாய், பலமில்லாததால் சொல்கிறாய் என்று நினைத்தேன். போய்ச் சாப்பிட்டேன். மனைவி சொல்லைத் தட்டாதவன் அல்லவா. மறுநாள் காலை கேட்க நீ இல்லை.

இன்று தீபாராதனை முடிந்ததும் பூசாரியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "விருச்சிகம்னு ஒமக்கு யாரு சொன்னது?"

"இதென்ன கேள்வி? உங்க வீட்டுக்காரவுகதான். கல்யாணமான மறு வெள்ளிக்கிளமையே உங்க அம்மாவோட வந்தாக. ராசி கேட்டேன், துலாம்னாக. உங்க அம்மா, 'எம் மகன் கோளி கூப்பிடப் பொறந்தவன், விருச்சிகம்லா'ன்னாக. உங்க வீட்டுக்காரவுக ஒரு நிமிசம் யோசிச்சாக. பெறகு ஒரே சிரிப்பு."

"சிரிச்சாளா?"

"வயித்தப் பிடிச்சுக்கிட்டு. 'சாமிக்கு மட்டும் விருச்சிகம்னே சொல்லுங்க. அவுகளுக்குத் தெரிய வேண்டாம். வீட்டுல துலாமாவே இருக்கட்டும், பாவம், ரொம்பப் பாடுபடுறாக'ன்னாக. பதினாலு வருசமா ஒரு வெள்ளி தப்புனதில்ல."

ரகசியத்தை உயிர் போனாலும் விடாதது விருச்சிகம் என்று சாத்திரம் எழுதியவனை ஒருநாள் நம் வீட்டுக்குக் கூட்டிவந்து, உன்னைக் காட்டியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். இனி யாருக்காகத் துலாம்? அடக்கிவைத்த பதினான்கு வருஷத்துக் கோபத்தையும் ஒரேயடியாக இறக்கிவிடலாம் என்று கொல்லைக்குப் போய் வேப்ப மரத்தடியில் நின்றேன். வாயைத் திறந்தேன். கிளையில் ஒரு காகம் தலையைச் சாய்த்துப் பார்த்தது. "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். என் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான். பொய்யாகப் போட்டுக்கொண்ட குணம் தோலோடு ஒட்டிவிட்டது. அண்டசராசரமும் நடுங்க வேண்டிய தேள், ஒரு கைப்பிடிச் சோற்றை உருட்டி மதிலில் வைத்துவிட்டு உள்ளே வந்தது.

ஊரில் தீபாவளிப் பட்டாசு லோடு எல்லாம் போய், கம்பெனியில் இப்போது காலண்டர் சீசன். அடுத்த வருஷத்துத் தாள்கள் என் மேசையில் இருக்கின்றன. நாளை காலை போனதும் ஒரு வேலை இருக்கிறது. வைகாசி விசாகத்தன்று விருச்சிகத்துக்கு நானே கோத்து வைத்த 'அலைச்சல்' என்ற சொல்லை எழுத்தெழுத்தாக எடுத்துப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் 'துணை' என்று கோக்கப் போகிறேன். நல்லதாக ஒருநாளாவது போடச் சொன்னாய். இத்தனை வருஷம் விருச்சிகத்துக்கு உண்மையில் பலித்தது அந்த ஒரு சொல்தான்.

அந்த நாள் வரும்போது தாளை நான்தான் கிழிக்க வேண்டும். துலாத்தை உன்னைப்போலச் சத்தமாக வாசிப்பேன். ஒரு மூச்சு நிறுத்துவேன். அதற்கடுத்த வரியையும் சத்தமாக வாசித்துவிட்டு, எதிரே பார்ப்பேன்.