கடையைக் காப்பாற்றினார்கள்

மார்ச் 4

என்னங்க,

நலம்தானே? முட்டி வலி குறைந்ததா? போனில் பேசினால் நீங்கள் நாலு முறை "என்ன, என்ன" என்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

கட்டடத்தை வாங்கிய புது முதலாளி, கடையைக் காலி செய்ய இந்த மாதமும் அடுத்த மாதமும்தான் தவணை என்று நமக்கும் பக்கத்து சலூன்காரருக்கும் காகிதம் கொடுத்துவிட்டார். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறாராம். சலூன்காரர் முகம் செத்துவிட்டது. எனக்கோ, உண்மையைச் சொன்னால், விட்டது சனி என்றுதான் இருந்தது. பிழைக்க வந்த ஊரில் முப்பத்தோரு வருஷம் ஆணியும் வாஷரும் எடுத்துக் கொடுத்தாயிற்று. மே மாதம் மகன் வீட்டில் உங்கள் பக்கத்தில் இருப்பேன்.

நீங்கள் போன இந்த ஒரு வருஷத்தில் தெருவே மாறிவிட்டது. செருப்புத் தைப்பவர் இருந்த இடத்தில் காபிக் கடை. அங்கே ஒரு காபி குடிக்கிற காசுக்கு நம்மிடம் பூட்டே வாங்கலாம். புதிதாகக் குடிவந்தவர்கள் நம் கடைக்குள் வந்து எதையும் வாங்குவதில்லை, படம் பிடிக்கிறார்கள். குட்டிநாயோடு வருகிற பெண் ஒருத்தி நம் கடையை ஓவியமாகவே வரைந்துவிட்டாள். அதைச் சுவரில் மாட்ட ஒரே ஒரு ஆணி கேட்டாள். கொடுத்தேன்.

மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 15

முதலாளியம்மாவுக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எனக்கு இங்கே வேறு என்ன வேலை? மகனும் மருமகளும் காலையில் போனால் இருட்டித்தான் வருகிறார்கள். தங்கமாகப் பார்த்துக்கொள்கிறார்கள், குறை சொன்னால் வாய் அழுகிவிடும். ஆனால் மருமகள் அடுப்பைத் தொடாதீங்க என்கிறாள், மகன் கீழே இறங்காதீங்க என்கிறான். ஒன்பதாவது மாடி என்பதால் ஜன்னல் ஒரு சாண்தான் திறக்கும். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு வாஷர் மாற்றினால் தீர்ந்தது. அதற்கும் ஆள் வருவானாம். வாழ்நாளெல்லாம் வாஷர் விற்றவன் கையைக் கட்டிக்கொண்டு சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என் கட்டிலுக்குப் பக்கத்தில் உனக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறேன். பேத்தி பொம்மைகளை அடுக்க வந்தாள். "பாட்டி வரப்போறா, இங்க வைக்காதே" என்று விரட்டிவிட்டேன். இருக்கிற சாமானை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுச் சீக்கிரம் வந்து சேர்.

உன் கிழவன்

ஏப்ரல் 2

என்னங்க,

கோபப்படாமல் படியுங்கள்.

சனிக்கிழமை கதவைத் திறந்தால் வாசலில் நாற்பது ஐம்பது பேர். ஆளுக்கொரு அட்டை, அட்டைக்கு அட்டை என் முகம். "எங்கள் கடையைக் காப்பாற்றுவோம்" என்று எழுதியிருந்தது. எங்கள் கடையாம். எல்லாம் அந்தக் குட்டிநாய்க்காரியின் ஏற்பாடு. இரண்டாயிரம் பேரிடம் கையெழுத்து வாங்கிவிட்டாள். கட்டட முதலாளியும் வந்து நின்றார். அவர் எதிரிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இங்கயே இருக்கணும்னுதானே ஆசைப்படறீங்க?" என்று கேட்டாள். சலூன்காரர் கூட்டத்துக்குப் பின்னால் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தலையாட்டிவிட்டேன். கடைக்கு வந்தவர்களிடம் என்றைக்கு நாம் இல்லை என்று சொல்லியிருக்கிறோம்? இல்லாத சாமானுக்கே "நாளைக்கு வந்துடும்" என்றுதானே பழக்கம். நாலு நாளில் எப்படியும் சரிசெய்துவிடுகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி

ஏப்ரல் 10

முதலாளியம்மாவுக்கு,

சரிசெய்ய என்ன இருக்கிறது? நேரே போய், "எனக்கு வயசாயிடுச்சு, என் புருஷன்கிட்ட போறேன்" என்று சொல். இதற்கு ஒரு நிமிஷம் போதும்.

பேத்தி போனில் உன் படத்தைக் காட்டினாள். அட்டைகளுக்கு நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறாய். அப்படி நீ சிரித்து நான் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று? எனக்கு வயிறு எரிந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன்.

இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மகன் காரில் அங்கே வருகிறேன். கடைக்கு மேல் இருக்கிற நம் மாடி வீட்டுக்கு என்னால் ஏற முடியாது. பரவாயில்லை, கீழே கடையிலேயே ஓரமாகப் படுத்துக்கொள்கிறேன். உன்னைக் கூட்டிக்கொண்டுதான் திரும்புவேன்.

உன் கிழவன்

ஏப்ரல் 20

என்னங்க,

சொல்லத்தான் போனேன். காபிக் கடையில் கூட்டம் போட்டிருந்தார்கள். நான் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். கட்டட முதலாளி இறங்கி வந்துவிட்டாராம். நான் கடை நடத்தும்வரை, பத்து வருஷத்துக்கு, கட்டடத்தை இடிக்கமாட்டார். நான் போய்விட்டால் சலூனும் போய்விடும். சலூன்காரர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மூன்று பிள்ளைகளும் படிக்கிற வயது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். பெயர்ப்பலகையை மாற்றக் கூடாது, மேசையை நகர்த்தக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. என்னையும் மேசையோடு சேர்த்துவிட்டார்கள்.

படத்தில் நான் சிரித்தது நிஜம்தான். இந்தத் தெருவில் இத்தனை வருஷத்தில் யாரும் என் பெயரைக் கேட்டதில்லை. அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த ஒரு நாள் சிரிப்புக்குத்தான் இந்தத் தண்டனை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்கக் கூடாது. நேற்று அந்தப் பெண் இருபது பேரைக் கூட்டிவந்து கடையைச் சுற்றிக் காட்டினாள். பலகையில் இருப்பது யார் பெயர் என்று ஒருவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "இவங்க வீட்டுக்காரர். போன வருஷம் இறந்துட்டார். அதுக்கப்புறம் இவங்க தனியாத்தான் நடத்துறாங்க" என்றாள். உங்களை ஒரு வருஷமாகக் காணாததால் அவளாகவே அப்படி முடிவு கட்டியிருக்கிறாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

தலையாட்டிவிட்டேன்.

இல்லை, உயிரோடு இருக்கிறார் என்று சொன்னால், அப்புறம் ஏன் நீங்க அவர்கூட இல்ல என்று கேட்பார்கள். பக்கத்தில் நின்ற சலூன்காரருக்கு எல்லாம் தெரியும். அவரும் தலையைக் குனிந்துகொண்டார்.

இன்று காலையிலிருந்து தெருவே வந்து துக்கம் விசாரிக்கிறது. வாசலில் உங்கள் பெயருக்குக் கீழே பூ வைத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வருவதாக எழுதியிருந்தீர்கள். வர வேண்டாங்க.

உங்கள் வீட்டுக்காரி