பிளையரின் பல் பதிந்த மூடி

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் சளி இருமல் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை வாஷிங் மெஷினுக்கு முன்னால் தரையில் குப்புறப் படுத்ததுதான். சிரிக்காதே. நேற்றுப் போட்ட துணி தண்ணீரில் மிதந்தபடியே நின்றுவிட்டது, தண்ணீர் வெளியேறவே இல்லை. மெக்கானிக்குக்குப் போன் செய்தால், "அக்கா, கீழ ஓரத்துல ஒரு சின்னக் கதவு இருக்கும், அதுக்குள்ள ஃபில்டர் மூடி, இடது பக்கமாத் திருப்பினா வந்துடும், இதுக்கெல்லாம் நான் எதுக்கு" என்று வைத்துவிட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். ரப்பர் கையுறை போட்டுத் திருப்பினேன், வெந்நீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் சுற்றி வைத்துத் திருப்பினேன், கரண்டிக் காம்பால் சுற்றிலும் தட்டிப் பார்த்தேன், மூடி அசையவில்லை. டார்ச் அடித்தபோதுதான் கவனித்தேன், மூடியின் பிடியில் இரண்டு பக்கமும் பிளையரின் பல் பதிந்திருந்தது.

நம் வீட்டில் எந்த மூடியையும் அழுத்தி மூடக் கூடாது என்பது உனக்குத் தெரியும். பிளாஸ்டிக் மரை போய்விடும் என்று உன் அப்பா சண்டைக்கே வந்துவிடுவார். "விரல் நுனியே போதும்னு சொல்லும், அதோட விட்டுடு" என்பார். தண்ணீர் பாட்டிலை முறுக்கி முறுக்கி மூடி நீ எத்தனை முறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாய். அப்படிச் சொல்கிற மனிதரே பிளையர் வைத்து இறுக்கியிருக்கிறார். போன முறை ஃபில்டரைச் சுத்தம் செய்தது அவர்தான், நான் தொடவில்லை. அந்த லேசான பக்கவாதம் வந்து போனதிலிருந்து அவருடைய வலது கை விரல் நுனி அவருக்கு எதுவும் சொல்வதில்லை போலிருக்கிறது. இறுகிவிட்டதா என்று தெரியாமல், ஒழுகிவிடுமோ என்ற பயத்தில் இன்னும் ஒரு திருகு, இன்னும் ஒரு திருகு என்று போட்டிருக்கிறார். தரையில் படுத்தபடியே அது எனக்குப் புரிந்தது, உடனே எழுந்திருக்கத் தோன்றவில்லை.

இதைப் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், உன் அப்பா இப்போது போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறார். உங்கம்மாவும் கேட்கட்டுமே என்பார். கையில் பிடித்தால் நழுவுகிறது, அதுதான் விஷயம். உன்னிடம் கை பழையபடி ஆகிவிட்டது என்று சொல்லியிருப்பார். அடுத்த வாரத்திலிருந்து நம் ரொட்டி வேனைத் தானே எடுக்கப் போவதாகவும், கடைகளுக்கு ரொட்டி போட இப்போது வருகிற மாற்று டிரைவரை நிறுத்திவிடப் போவதாகவும் இருக்கிறார். "அவன் பிரேக் போடற லட்சணத்துக்கு ரொட்டியெல்லாம் சப்பாத்தி ஆயிடுது" என்று ஒரே புலம்பல். விடிவதற்கு முன்னால், கடைத் தெருவில், ஆட்கள் குறுக்கே நடக்கிற நேரத்தில் ஓட்ட வேண்டிய வண்டி.

நான் படுத்திருந்ததைப் பார்த்துவிட்டு அவரே வந்தார். "நகரு, நான் பாக்கறேன்" என்று உட்கார்ந்தார். வலது கையால் பிடித்தார், வழுக்கியது. இன்னொரு முறை பிடித்தார். நான் மெஷினுக்குப் பின்னால் ஒட்டடை இருப்பதாகச் சொல்லி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டேன். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, "நேரா கழட்டப் பாக்காதே, முதல்ல இறுக்கற பக்கமா ஒரு பொட்டு அசை, அந்த அசைவு கிடைச்சதும் இந்தப் பக்கம் திருப்பு" என்றார். அப்படியே செய்தேன், கிறீச்சென்று ஒரு சத்தம், மூடி கழன்றது. உள்ளே நின்ற தண்ணீரெல்லாம் என் மடியில்தான். "காலேஜ்ல படிச்சவ, கீழ ஒரு தட்டு வைக்கணும்னு தோணலையா" என்று கேட்டார். கழலும் என்று நம்பியிருந்தால்தானே தட்டு வைப்பேன் என்றேன். இரண்டு பேரும் அந்த ஈரத்தில் உட்கார்ந்து சிரித்தோம், வெகுநாளைக்குப் பிறகு.

ஃபில்டரை உருவினால் தலைமுடியும் பஞ்சுமாக ஒரு உருண்டை, அதற்குள் அவர் சட்டைப் பித்தான்கள். ஒன்றல்ல, ஒரு கைப்பிடி. புழுக்கமாக இருக்கிறது என்று அவர் கொஞ்ச நாளாகப் பனியனோடு இருப்பதும், சட்டை போட்டால் பித்தானைத் தொடாமலே தலைவழியாக இழுத்துக் கழற்றுவதும் அப்போதுதான் எனக்கு ஒன்றோடொன்று சேர்ந்தது. தெறிக்காமல் நூலில் தொங்கியதெல்லாம் துவைக்கும்போது விழுந்திருக்கிறது. அவரும் பார்த்தார். "இப்ப வர்ற சட்டையெல்லாம் தையல் சரியில்ல" என்றார். ஆமாம், நூல் மட்டம் என்றேன். வேறு என்ன சொல்ல. பித்தான்களைக் கழுவி ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்திருக்கிறேன். சுத்தம் செய்து முடித்ததும் மூடியை அவரே போட்டார், நான் விட்டுவிட்டேன். சில சுற்றுத் திருப்பி நிறுத்தினார். என்னை நிமிர்ந்து பார்க்காமல், "சரியா இருக்கா பாரு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நான் தொட்டுப் பார்த்து, போதும் என்றேன். அதோடு விட்டுவிட்டார்.

நீ இதைத் தெரிந்துகொண்டதாகக் காட்டிக்கொள்ளாதே, கை எப்படி இருக்கிறது என்று வழக்கம்போல் கேள், அவர் சொல்வதைக் கேட்டுக்கொள். உன் மெஷினுக்கும் அந்தச் சின்னக் கதவு இருக்கும், மாதம் ஒரு முறை திறந்து பார், கீழே தட்டு வை. நீ நீண்ட ஆயுளோடும் நல்ல துணையோடும் வாழ வேண்டும், எந்த வேலைக்குப் போனாலும் உன் கைக்குக் குறை வரக் கூடாது.

யாரிடமும் இன்னும் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். வேன் சாவி என் அலமாரியில் இருக்கிறது, அதை அவரிடம் கொடுக்கப் போவதில்லை. மாற்று டிரைவரை இன்னும் சில மாதம் இருக்கச் சொல்லிவிட்டு, நான் டிரைவிங் ஸ்கூலில் சேரப் போகிறேன். கியர் பெட்டி என்றாலே கண்ணை மூடிக்கொள்கிற உன் அம்மாதான். லைசென்ஸ் வந்ததும் வேனை நான் எடுப்பேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து வரட்டும். எவ்வளவு மிதிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று சொல்லட்டும். திட்டினால் திட்டட்டும்.

என்றும் உன் நினைவாக இருக்கும்,
அம்மா