விமானம் இறங்கும் வரை

என்னங்க,

டாக்சி வந்துவிட்டது. சாவி மேல்வீட்டு அக்காவிடம் இருக்கிறது. இரண்டு நாள் சாப்பாடு பிரிட்ஜில் இருக்கிறது, சூடு பண்ணினால் போதும். சமையலறைக் குழாய்க்கு பிளம்பர் சாயங்காலம் வருவார். பக்கத்திலேயே நில்லுங்கள், இல்லாவிட்டால் போன தடவை மாதிரி பாதியில் நழுவிவிடுவார். தாத்தாவைப் பார்க்க அம்மா போயிருக்கிறாள் என்று மட்டும் மகளிடம் சொல்லுங்கள்.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் போனில் அழுததும், நீங்கள் செய்த முதல் வேலை கம்ப்யூட்டரில் தூரம் பார்த்ததுதான். "ஒன்பதாயிரம் கிலோமீட்டர். பிளைட்லயே பதினோரு மணி நேரம். நீ போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்" என்றீர்கள். கணக்கு தப்பில்லை. அதை என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டாம். என்னைப் பெற்ற அப்பா அவர்.

காலையில் என் பெட்டியைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, அப்படியே வேலைக்குப் போய்விட்டீர்கள். நானும் துணிக்கு இஸ்திரி போடப் போய்விட்டேன். சரி, வந்து பார்த்துக்கொள்ளலாம்.

பி.கு: இஸ்திரிப் பெட்டியை அணைத்தேனா என்று ஞாபகமில்லை. வந்ததும் பாருங்கள்.

இன்னொன்று. நான் விமானத்தில் இருக்கும்போது அண்ணனிடமிருந்து தகவல் வந்தால், எனக்கு மெசேஜ் எதுவும் போட்டுவிடாதீர்கள். அவன் ஏர்போர்ட்டுக்கு வருவான், அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறேன். நீங்கள் சொன்ன அந்தப் பதினோரு மணி நேரமாவது எனக்கு அப்பா இருக்கட்டும்.