ஒரே கட்டையில் இரண்டு பேர்

மார்ச் 4

என் தூங்குமூஞ்சி அண்ணாவுக்கு,

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, சளி விட்டதா? போனை வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொள்கிற சுரங்கப்பாதை வேலையை நீ ஒருத்தன்தான் தேடிப் போவாய். வாரத்துக்கு ஒரு தபால் வண்டியாம். உன்னால் நான் பேனா பிடிக்கப் பழக வேண்டியிருக்கிறது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். மரம் கிடைத்துவிட்டது அண்ணா! என் இடுப்பு உயரத்துக்கு ஒரே கட்டை, ஒரு விரிசல் கிடையாது. மரம் செதுக்குகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போட்டேன், பழைய ஆட்களெல்லாம் வயிறு எரிகிறார்கள்.

அப்பாவைச் செதுக்கப் போகிறேன். கூடவே உன்னையும். அன்றைக்கு நீ சொன்னாயே, அதை அப்படியே. மதியம் நாற்காலியில் இருந்தார், நீ அவருக்கு இடப்பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாய், நல்ல கையால் உன் கையை இறுக்கிப் பிடித்து, உன் தோளில் தலை சாய்த்து, அப்படியே போய்விட்டார். நான் எட்டு மணி நேரம் பஸ்ஸில் வந்து சேர்ந்தபோது துணி போர்த்தியிருந்தது. எனக்கு மிச்சம் நீ சொன்ன அந்தக் காட்சி மட்டும்தான். அதை நினைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன்.

நான் பார்க்கிற வீடியோக்களில் எல்லோரும் ஒன்றையே அடித்துச் சொல்கிறார்கள்: ஆளை உட்கார வைத்துப் பார்க்காமல் உளியைத் தொடாதே. முன்னால், பக்கவாட்டில், பின்னால் போட்டோ. அப்புறம் கம்பியில் களிமண் அப்பி ஒரு சாண் பொம்மை. அதற்கப்புறம்தான் மரம். களிமண்ணில் தப்பினால் இன்னொரு உருண்டை ஒட்டிக்கொள்ளலாம். மரத்தில் எடுத்தது எடுத்ததுதான்.

அப்பாவாக எதிர்வீட்டு டெய்லர் மாமா வருகிறார், அதே தொப்பை. நீயாக என் தோழி. மீசைதான் உன்னைவிடக் கொஞ்சம் குறைவு, சமாளித்துக்கொள். நீ எழுத வேண்டியது: உன் எந்தக் கை, கால் எங்கே, அப்பா முகம் எந்தப் பக்கம்?

ஆசையோடு,
உன் மரங்கொத்தி


மார்ச் 13

மரங்கொத்திக்கு,

சளி போய்விட்டது. இங்கே தூசிதான் தாங்க முடியவில்லை.

சிலையெல்லாம் எதற்கு? அப்பா போட்டோவைப் பெரிதாக்கி மாட்டினால் போதாதா? உனக்கு ஆசையாக இருந்தால் அப்பாவை மட்டும் செய். என்னை விட்டுவிடு.

கேட்டதற்குச் சொல்கிறேன். அன்றைக்குச் சொன்னதுதான். இடப்பக்கம் இருந்தேன். அவர் கை என் கையில். முகம் ஜன்னல் பக்கம் என்று நினைக்கிறேன். கால் எங்கே இருந்தது என்று அந்த நேரத்தில் யார் பார்ப்பார்கள்?

உளியில் கவனம். கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்.

அண்ணன்


மார்ச் 22

அன்பு அண்ணா,

கண்ணாடி போட்டுக்கொள்கிறேன், சரியா? திட்டாதே.

ஞாயிற்றுக்கிழமை டெய்லர் மாமாவை அப்பாவின் நாற்காலியிலேயே உட்கார வைத்தேன். வலது கை, கால் இரண்டும் வராது என்று நினைத்துக்கொள்ளச் சொன்னேன். மனிதர் நிஜமாகவே தொங்கவிட்டுவிட்டார். அப்புறம் இடப்பக்கம் ஸ்டூல் போடப் போனால், இடமே இல்லை. பக்கவாதம் வந்தபிறகு நீதானே அந்த நாற்காலியைச் சுவரோடு ஒட்டி, தரையில் ஸ்க்ரூ போட்டு இறுக்கினாய்? அப்பா இடது கையால் பிடித்து எழ, சுவரில் கம்பி கூட வைத்தாயே. நடுவில் என் உள்ளங்கை நுழையவில்லை.

ஞாபகம் மாறியிருக்கும் என்று வலப்பக்கம் போட்டோம். அந்தக் கைக்கு உன்னைப் பிடிக்கத் தெம்பு கிடையாது. இடது கையைக் குறுக்கே நீட்டினால் தலை தோளுக்கு வரவில்லை, முன்னால் கவிழ்கிறது. மாமா ஐந்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுச் சொன்னார்: “ஏம்மா, உசுரோட இருக்கிற என்னாலயே இப்படி உக்கார முடியல. போற நேரத்துல உங்கப்பா எப்படிம்மா உக்காந்திருப்பாரு?” நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். தோழி சிரிக்கவில்லை.

அவர்கள் போனபிறகு களிமண்ணைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. அன்றைக்குத் துணியை விலக்கி அப்பாவின் கையைப் பிடித்தேனே, இடது முழங்கையில் தோல் உரிந்திருந்தது. உட்கார்ந்தபடியே போனவருக்கு முழங்கை எப்படி அண்ணா உரியும்?

எனக்குக் கோபமில்லை. களிமண்ணில் நிற்கவில்லை, அவ்வளவுதான். நடந்ததைச் சொல்.

உன் மரங்கொத்தி


ஏப்ரல் 5

மரங்கொத்தி,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நான் பக்கத்தில் இல்லை. உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போன் மாட்டி மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து கூப்பிட்டபடியே இருந்தார். தண்ணீர். ஃபேன். ஜன்னல். மறுபடி ஃபேன். ஒன்பது மாதம் அப்படித்தான். நீ வாரம் ஒரு தடவை வீடியோ காலில் பார்த்துவிட்டு, “அப்பா செம ஃப்ரெஷ்ஷா இருக்காரே” என்று சொல்வாய். குத்திக் காட்டவில்லை. இருந்ததைச் சொல்கிறேன்.

மேட்ச் முடிந்து கதவைத் திறந்தேன். காலடியில் குப்புறக் கிடந்தார். இடது கை கதவடியில். நாற்காலியிலிருந்து அதுவரைக்கும் ஊர்ந்தே வந்திருக்கிறார். உடம்பு ஆறியிருந்தது. தூக்கிக்கொண்டுபோய் நாற்காலியில் வைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். நீ போனில் அழுதபோது வேறு என்ன சொல்ல முடியும்? அதைத்தான் கொஞ்சம் மாற்றிச் சொன்னேன்.

கடைசியாக ரெண்டு தடவை கூப்பிட்டது எனக்குக் கேட்கவே இல்லை. சத்தியமாக.

அதைச் செதுக்காதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 15

அண்ணா,

டெய்லர் மாமாவிடமோ தோழியிடமோ எதுவும் சொல்லவில்லை. நானே மாதிரியாகப் படுத்தேன். போனை அலமாரிமேல் வைத்து வீடியோவை ஓடவிட்டு, நாற்காலியிலிருந்து சரிந்து, வலப்பக்கத்தை அசைக்காமல், இடது முழங்கையால் இழுத்து இழுத்து வந்தேன். கதவுக்குப் பதினாலு இழுவை. எனக்கும் அதே இடத்தில் தோல் உரிந்தது. கை கதவடியில் தானாக வந்து நின்றது. பொம்மை ஒரே தடவையில் வந்துவிட்டது. இந்த முறை எதுவும் இடிக்கவில்லை.

ஒன்பது மாதம் நீ தனியாகப் பார்த்தாய். நான் வரவில்லை. அதை மறுத்துப் பேச எனக்கு வாய் கிடையாது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்காமல் இருந்தவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நானாக இருந்தாலும் மாட்டியிருப்பேன்.

ஆனால் செதுக்கத்தான் போகிறேன். கட்டையைப் படுக்க வைத்துவிட்டேன். அப்பாவின் நீட்டிய கை மரத்தின் நார் ஓடுகிற பக்கமே போகிறது, ஒடியாது. ஒரு பாதியில் அப்பா. நடுவில் கதவு. மறுபாதியில் கட்டில்மேல் நீ.

உன்னைச் செதுக்க ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். ரெண்டு தடவை கூப்பிட்டார் என்று எழுதியிருக்கிறாய். கேட்காதவனுக்கு எண்ணிக்கை எப்படித் தெரிந்தது?

ஹெட்போன் காதில் இருந்ததா, கழுத்தில் இருந்ததா?

ஒரு வார்த்தை எழுது, போதும். எதுவானாலும் எழுது. அதுவரைக்கும் உன் காதைச் சுற்றியும் கழுத்தைச் சுற்றியும் மரத்தைத் தொடாமல் வைத்திருக்கிறேன்.

மரங்கொத்தி


ஜூன் 2

அண்ணா,

ஆறு தபால் வண்டி வந்து போய்விட்டது. உடம்புக்கு ஏதாவதோ என்று பயந்து உங்கள் ஆபீஸுக்குப் போன் செய்தேன். மேஸ்திரி எடுத்தார். “அவனுக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்கான். உன் லெட்டர நான்தானே கையில குடுத்தேன். என் முன்னாடியே படிச்சு, மடிச்சுப் பையில வச்சுக்கிட்டான்” என்றார்.

அப்பா முடிந்துவிட்டார். கதவும் முடிந்தது. உன் முகத்துக்குத் தோழியை உட்கார வைக்கத் தேவைப்படவில்லை. மனப்பாடமாகவே வந்துவிட்டது.

நேற்றுக் காலை, காதைச் சுற்றி விட்டு வைத்திருந்த மரத்தை எடுத்துவிட்டேன், கழுத்தைச் சுற்றியிருப்பதை எடுக்கவில்லை. இரண்டு காதும் நன்றாக வந்திருக்கின்றன.

உன் தங்கை