திங்கட்கிழமை மீன்கள்

2-2-81, திங்கள்

காலை ஆறுக்கே புழுக்கம். மட்டாஞ்சேரியிலிருந்து முதல் போட். அக்கரையில் மீன்வள ஆபீஸ் ஜீப் நாற்பது நிமிடம் தாமதம். டிரைவர் சாயா குடித்தானாம். திங்களன்று மட்டும்தான் ஜீப் எனக்கு. மற்ற நாள் தாமஸுக்கு. எனக்கு ஆறு வருடம் பின்னால் சேர்ந்தவன், இன்று எனக்கு அதிகாரி. போகட்டும்.

ஆற்றில் கணுக்கால் தண்ணீர். தோணிக்காரன் ஔசேப்பு வழக்கம்போல் பாறைக் குழிகளைக் காட்டினான். கெண்டை, கெளுத்தி, ஆரல், இரண்டு விரால். வலை நிறைய. எண்ணி முடிக்க மணி பதினொன்று. ஒரு வருடமாக இப்படித்தான். அறிக்கையின் கடைசி வரியும் தயார்: மேலே மின்நிலையம் விடும் தண்ணீரால் மீனுக்குக் குறைவில்லை.

வீட்டில் மீனாட்சி: "ஏன்னா, குளிக்காம அடுக்களைக்குள்ள வரண்டாம்." இருபது வருட வரவேற்பு.

3-2, செவ்வாய்

ஔசேப்பு ஆபீசுக்கு வந்தான், சட்டை போட்டுக்கொண்டு. ஆற்றுமீன்காரர்களின் மனு. ஞாயிறும் கொஞ்சம் தண்ணீர் விட வேண்டுமாம். தாமஸ் என் அட்டவணையை நீட்டினான். "மீன் நெறைய உண்டுன்னு உங்க சாமியே எழுதியிருக்கார், ஔசேப்பே."

வராந்தாவில் ஔசேப்பைப் பிடித்துக் கேட்டேன், ஞாயிறு ஏன் என்று.

"ஞாயிறு கம்பெனியெல்லாம் அடைப்பு, சாமி. கரண்ட் வேண்டாம். மேல தண்ணிய நிறுத்துவாங்க. திங்கள் காலைல இருக்கிற மீனெல்லாம் குழியில. உச்சைக்கு, பன்னண்டு மணிக்கு, தண்ணி இரைஞ்சு வரும்போ குஞ்செல்லாம் போச்சு."

"ஒரு வருஷமா ஏன் சொல்லலை?"

"சாமி கேக்கலையே. வலை நெறஞ்சாதான் சாமி மொகம் கொஞ்சம் தெளியும். அதான் நல்ல குழியாப் பாத்துக் காட்டினேன்."

அவன் மனுவுக்கு எதிர்ச்சாட்சி அவன் காட்டிய குழிகளே. எம்.எஸ்ஸி., முதல் வகுப்பு, எனக்கு இது தோன்றவில்லை. ஜீப் என்றைக்கோ அன்றைக்கு ஆறு.

5-2, வியாழன்

லீவ். பஸ். நின்றபடி இரண்டு மணி நேரம். பின்னால் ஒருத்தன், என் வலையைப் பார்த்து: "சைவச் சாமிக்குப் புழையில என்ன வேலை?" இன்னொருத்தன்: "குளிக்கத்தான்." சிரிப்பு.

அதே இடம். மார்பளவுத் தண்ணீர், பல் கிட்டுகிற குளிர், இழுப்பு. மூன்று மணி நேரம், அதே வலை. நாலு மீன். கரைப்பாறையில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, மீன் முட்டை வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. தண்ணீர் இன்னும் உயரமாக நின்றபோது இட்டது. விரலால் தொட்டதும் உதிர்ந்தது.

ஔசேப்பு: "இன்னிக்குச் சாமி மொகத்தைப் பாக்க முடியலை." வலையை மடித்தேன்.

6-2, வெள்ளி

தலைவலி. சளி. தாமஸிடம் சொன்னேன்.

"சாரே, ஒரு வியாழனை வெச்சு ஒரு வருஷத்தை வெட்டறதா?"

"அந்த வருஷம் மொத்தமும் ஒரே கிழமை."

"ஸ்டென்சில் ஓட்டியாச்சு. நாளைக்குத் தபால். கிழமை யாருக்கு வேணும்?"

நாற்பது பிரதிகள், உறையோடு அடுக்கியிருந்தன. அவன் சாப்பிடப் போனதும் உட்கார்ந்தேன். ஒவ்வொன்றிலும் அட்டவணைக்கு மேல் கையால் எழுதினேன்: 'எல்லாம் திங்கள் காலை, ஞாயிறு தண்ணீர் நிறுத்தியபின் எடுத்தவை. மீன் பெருகவில்லை, ஒதுங்கியது. முடிவு தவறு.' கையெழுத்தும் போட்டேன். முப்பத்தொன்று முடிந்தது.

தாமஸ் திரும்பி வந்தான். ஒன்றைப் படித்தான். கத்தவில்லை. எழுதாத ஒன்பதை மட்டும் எடுத்துத் தன் மேசையில் வைத்துப் பூட்டினான். "மத்ததெல்லாம் சார் இஷ்டம்போல அனுப்பிக்கலாம்."

அடுக்கின் அடியிலிருந்து ஆரம்பித்திருந்தேன். எழுதியதெல்லாம் கல்லூரி, நூலகம், மியூசியத்துக்குப் போகிறவை. தண்ணீரைத் திறக்கவும் மூடவும் சொல்கிறவர்களின் உறைகள் அந்த ஒன்பது.